சுவடி முதல் கணினி வரை: தமிழாய்வு நடுவங்களின் வரலாறும் பினாங்கின் கடமையும்



கணினியின் துணைகொண்டு மொழியையும் இலக்கியத்தையும் வரலாற்றையும் ஆராயும் துறை இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தனி நடுவமாகவே இயங்கி வருகின்றது. மின்னிலக்க மானுடக் கல்வி என்று அதனைத் தமிழில் கூறலாம். பழைய நூலைப் படமாக்குதல், படத்தை எழுத்தாக மாற்றுதல், எழுத்தினுள் சொல்லைத் தேட வழிசெய்தல், தேடிக் கிடைத்ததைக் கொண்டு ஆய்வு நிகழ்த்துதல், அந்த முறைகளை மாணவர்க்குக் கற்பித்தல் ஆகிய ஐந்தும் அத்தகைய நடுவத்தின் பணிகள்.

தமிழுக்கு இத்தகைய நடுவங்கள் எங்கெங்கு அமைந்தன, யாரால் அமைந்தன, எதனால் தளர்ந்தன, அவற்றில் மலேசியத் தமிழரின் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துரைக்க விழைகின்றேன். ஆயர் ஈத்தாமில் தமிழ்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியர்க்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கின்றோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டை நாடே கொண்டாடியது. இருநூறு ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஒரு தீவு தன் தமிழ் எழுத்துகளில் எவ்வளவைக் காத்து வைத்துள்ளது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

கணினிக்கு முன் நடந்த கணிப்பணி

உலக அளவில் இத்துறையின் தொடக்கத்தை 1949ஆம் ஆண்டோடு இணைத்துக் கூறுவர். இத்தாலியப் பாதிரியார் ரொபெர்தோ பூசா, தோமஸ் அக்குவினாஸ் எழுதிய இலத்தீன் நூல்களிலுள்ள சொற்கள் அனைத்திற்கும் அடைவு உருவாக்க எண்ணி, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவரை அணுகினார். ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்கள் துளையிட்ட அட்டைகளில் ஏற்றப்பட்டன. 1970களில் அச்சேறத் தொடங்கிய அவ்வடைவு 56 தொகுதிகளாக விரிந்தது. ஒருவர் தொடங்கிய பணி முடிய முப்பது ஆண்டுகள் ஆயின என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழில் இதே எண்ணம் கணினியின்றியே செயற்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. 1939இல் பின்னிணைப்புத் தொகுதியும் வந்தது. இரண்டிலுமாக ஓர் இலட்சத்துப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. 1926 முதல் பதிப்பாசிரியராக விளங்கிய ச. வையாபுரிப்பிள்ளை அவர்களும் அவர்தம் குழுவினரும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, அகர வரிசைப்படுத்தி, மேற்கோள் சரிபார்த்துச் செய்த பணி அது. பின்னர் வ.அய். சுப்பிரமணியம் அவர்கள் புறநானூற்றுக்குச் செய்த சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 தொடங்கிப் பழந்தமிழ் இலக்கியங்களுக்கான சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது.

சொல்லடைவு என்றால் என்ன என்பதை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். 'யாழ்' என்னும் சொல் எந்தெந்தப் பாட்டில், எந்தெந்த அடியில் வருகின்றது என்பதை ஒரே இடத்தில் காட்டும் பட்டியல் அது. இன்று தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டவுடன் நிகழ்வதை, அன்று அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து செய்தனர். பின்னாளில் கணினி எளிதாகத் தேடுவதற்கு வழி வகுத்தவை அவர்கள் வகுத்த பாடங்களும் சொற்பகுப்பு முறைகளுமே ஆகும்.

கோலாலம்பூரில் எழுந்த உலகப் பார்வை

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பெற்றது. 1961இல் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழாய்வை ஒருமுகப்படுத்த முனைந்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. அதே ஆண்டில் தமிழியல் பற்றிய நூல்களுக்கான ஒரு வழிகாட்டிப் பட்டியலை அடிகளார் தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொணர்ந்தார்.

நூற்பட்டியல் பார்வைக்கு எளிய வேலை போலத் தோன்றும். எந்நூல் எங்கே உள்ளது என்று தெரியாமல் எந்த ஆய்வும் தொடங்காது. இன்றைய மின்னூலகங்கள் ஒவ்வொரு நூலுக்கும் எழுதி வைக்கும் விவரக் குறிப்பின் முன்னோடி அத்தகைய பட்டியலே. தமிழ்நாட்டுக்கு வெளியே, நம் தலைநகரில், அன்றே அப்பணி நடைபெற்றது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

கொலோன்: உரோம எழுத்தில் புகுந்த தமிழ்

கணினியில் தமிழ் இலக்கியத்தை ஏற்றி ஆராய்ந்த பல்கலைக்கழகங்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது செருமனியின் கொலோன் பல்கலைக்கழகம். அங்கிருந்த இந்தியவியல் மற்றும் தமிழாய்வு நிறுவனத்தில் தோமஸ் மால்டன் அவர்களும் பிறரும் சங்க நூல்கள் முதலியவற்றைக் கணினியில் தட்டச்சு செய்வித்தனர். சென்னைப் பேரகராதியை அடிப்படையாகக் கொண்டு, உலகின் எந்த மூலையிலிருந்தும் தேடக்கூடிய இணைய அகராதியை அவர்கள் 1990களில் உருவாக்கினர்.

அக்காலக் கணினிகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனவே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் உரோம எழுத்தை ஒதுக்கினர். குறில் நெடில் வேறுபாட்டையும் ல, ள வேறுபாட்டையும் சிறிய எழுத்து, பெரிய எழுத்து ஆகியவற்றால் காட்டினர். அம்முறையில் நம் எழுத்து கண்ணுக்குத் தெரியாது எனினும், அகர வரிசைப்படுத்தவும் தேடவும் எண்ணவும் இயன்றது. அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகமும் பின்னர்த் தன் தெற்காசிய மின்னிலக்க நூலகத்தின் வழி சென்னைப் பேரகராதி, வின்சுலோ அகராதி, பெப்ரீசியசு அகராதி ஆகியவற்றை இணையத்தில் வழங்கியது.

கொலோனின் பிற்கால வரலாறு நமக்கு ஒரு படிப்பினை. பல்லாயிரம் தமிழ் நூல்களைக் கொண்ட நூலகம் அங்கே இருந்தும், பேராசிரியர் ஓய்வு பெறும் காலம் நெருங்கியபொழுது நிதியின்மையால் தமிழ்ப்பிரிவு மூடப்படும் என்னும் நிலை 2020ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. அயலகத் தமிழர் பலர் நிதி திரட்டினர். தமிழ்நாடு அரசும் 2021இல் ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஒரு நடுவம் எத்தனை நூல்களைச் சேர்த்தாலும், அடுத்த தலைமுறையில் அதனை நடத்த ஆளும் பொருளும் இல்லையேல் ஒரே ஓய்வாணையில் அது ஆட்டங்கண்டுவிடும்.

சிங்கப்பூரும் மலேசியாவும்: எழுத்துருச் சிக்கல்

உரோம எழுத்தில் புகுந்த தமிழைத் தமிழ் எழுத்திலேயே திரையில் காட்டிய முயற்சிகளில் நம் வட்டாரம் முன்னின்றது. மலேசியரான முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் முரசு என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். பின்னர் முரசு அஞ்சல் என்னும் பெயரில் அது உலகத் தமிழரிடையே பரவியது. இவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் அவர்கள் 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி, 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருநூலை 1997இல் வெளியிட்டவர். தந்தையார் கவிதைகளைத் தேடித் தொகுத்தார். மகனார் அவற்றை எழுதக் கருவி தந்தார். ஒரு குடும்பத்தில் இவ்விரு பணிகளும் நிகழ்ந்தமை நாம் பெருமை கொள்ளத்தக்கது.

சிங்கப்பூரில் தேசியக் கல்விக்கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள் கணியன் என்னும் எழுத்துருவையும் விசைப்பலகை முறையையும் வடிவமைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அவர்கள் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தான் தின் வீ என்னும் சீன அறிஞர் இம்முயற்சியில் உடனுழைத்தார். இருவரின் முயற்சியால் 1997 மே திங்களில் அங்கே தமிழ் இணைய மாநாடு நிகழ்ந்தது. ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே இவ்வளவும் செய்த கோவிந்தசாமி அவர்கள் 1999 மே திங்களில் மறைந்தார். தமிழுக்கு அது பேரிழப்பு.

ஆளுக்கோர் எழுத்துரு என்னும் நிலையால் ஒரு குழப்பமும் விளைந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க அதே எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. இல்லையேல் திரையில் புரியாத குறிகளே தோன்றின. அக்காலத்தில் வினாத்தாளைத் தட்டச்சு செய்து வேறு பள்ளிக்கு அனுப்பிய ஆசிரியர் அனைவரும் இதனை அறிவர். திஸ்கி, தாம், தாப் எனப் பல குறிமுறைகள் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2000இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூர் அடுத்த மாநாட்டை நடத்தியது. 1991 முதலே தமிழைத் தன்னுள் கொண்டிருந்த ஒருங்குறி மெல்ல மெல்லப் பரவி, 2010இல் தமிழ்நாடு அரசாலும் தரமாக ஏற்கப்பட்டது. இன்று கைப்பேசியில் தடையின்றித் தமிழ் தெரிவது இருபதாண்டுக் கால விவாதத்தின் பயன்.

2001 கோலாலம்பூர் மாநாட்டுக் காலத்தில்தான் தமிழ் மரபு அறக்கட்டளை என்னும் அமைப்பும் தோற்றம் பெற்றது. செருமனியில் பணியாற்றிய நா. கண்ணன் அவர்களும், நம் பினாங்கில் பிறந்த க. சுபாஷிணி அவர்களும் அதனை முன்னெடுத்தனர். ஓலைச்சுவடிகளையும் அரிய நூல்களையும் மின்னாக்கம் செய்வது அதன் நோக்கம். தமிழ் நூற்காப்பின் உலக வரலாற்றில் பினாங்குப் பெண்மணி ஒருவரின் பெயர் இருப்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்?

தன்னார்வலர் கட்டிய மதுரை

1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் அதன் தலைவர். அவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். அரசு நிதியோ பல்கலைக்கழக நிதியோ இன்றி, பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர் தத்தம் ஓய்வு நேரத்தில் ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் பிழை திருத்த, நூல்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏறின. சங்க இலக்கியம் முதல் இக்கால நாவல் வரை நூற்றுக்கணக்கான நூல்கள் இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி உள்ளன.

இங்கே பிழைதிருத்தம் பற்றி ஒரு சொல். தட்டச்சுப் பணியைவிடப் பிழைதிருத்தமே கடினம். பழைய நூலைக் கணினி தானே படித்து எழுத்தாக்கும் மென்பொருள் இன்று உண்டு. ஆயினும் 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் னை, ணை, லை, ளை ஆகியவை வேறு வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் அவ்வாறே. ஓலைச்சுவடியிலோ புள்ளியே இராது; எகர ஏகார வேறுபாடும் தெரியாது. பொறி தடுமாறும் அவ்விடத்தில் தமிழறிந்த மனிதக் கண் வேண்டும்.

தேடலிலும் இதே நிலை. 'மரம்' என்று தேடினால் மரத்தில், மரங்கள், மரத்தினின்று ஆகியவை தாமே கிடைப்பதில்லை. சாரியையும் வேற்றுமை உருபும் புணர்ச்சியும் அறிந்த ஒருவர் கணினிக்கு அவற்றைக் கற்பித்தால்தான் கிடைக்கும். நாம் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வகுப்புகளில் கற்பிக்கும் இலக்கணம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் பணிக்கு அதுவே அடித்தளம். "இலக்கணம் படித்து என்ன பயன்?" என்று கேட்கும் பெற்றோர்க்கு இதனை விடையாகச் சொல்லலாம்.

சென்னையின் இணையப் பல்கலைக்கழகம்

ஆராய்ச்சியும் கல்வியும் ஒருங்கே கொண்ட நடுவம் என்றால் நமக்கு மிக அண்மையானது தமிழ் இணையப் பல்கலைக்கழகமே. 1999 மாநாட்டில் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் அறிவித்தார். 2001 பிப்ரவரி 17ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி அவர்கள் அதனை வடிவமைத்து வழிநடத்தினார். 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறிற்று.

அயலகத் தமிழ்ப்பிள்ளைகளுக்கான மழலைக் கல்வி, சான்றிதழ்க் கல்வி, பட்டயம், தமிழியல் இளநிலைப் பட்டம் எனப் படிப்படியாகப் பாடங்கள் அமைந்தன. மூலநூலும் பல உரைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும் மின்னூலகமும், அகராதிகளும், திருத்தலங்களைக் காட்டும் பண்பாட்டுக் காட்சியகமும் இணைந்தன. 2017இல் அரிய நூல்களையும் இதழ்களையும் கொண்ட தனி மின்னூலகத்தையும் அது தொடங்கியது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்துக்கும் சென்று சேர்ந்தன. நம் ஆசிரியர் பலர் ஒரு குறளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரை தேடும்பொழுது இந்நடுவத்தின் பயனை நாள்தோறும் துய்க்கின்றனர்.

அழிவிலிருந்து எழுந்த இரண்டு

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தம் வருவாயைக் கொண்டு நூல்களையும் இதழ்களையும், அழைப்பிதழ், துண்டறிக்கை முதலியவற்றையும் சேர்த்துவந்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறும் நிலை வந்தது. சிகாகோப் பல்கலைக்கழகம் 1994இல் அதனை விலைக்கு வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. நூல் பிறந்த மண்ணிலேயே இருக்க, அதன் படியே உலகைச் சுற்றும் என்னும் இம்முறை பின்வந்தோர் பலர்க்கு வழிகாட்டியாயிற்று.

மற்றொன்று யாழ்ப்பாணம். 1981 மே 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அந்தத் துயரின் நினைவோடு வளர்ந்த இளைஞர்கள் 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், நாளிதழ்கள், பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்குச் சேர்ந்துள்ளன. கனடாவின் டொராண்டோப் பல்கலைக்கழக ஸ்கார்பரோ வளாக நூலகம் அதனோடு கைகோத்துப் பணியாற்றி வருகின்றது. அப்பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கென முப்பது இலட்சம் கனடிய டாலர் திரட்டும் முயற்சி 2021இல் நிறைவுற்றது. கொடுத்தோரில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த எளிய குடும்பத்தினர்.

நூலகம் திட்டத்தார் பள்ளி மலர்களையும் கோயில் மலர்களையும் நாவல்களுக்கு ஈடாக மதித்துச் சேர்த்தனர் என்பது உற்று நோக்கத்தக்கது. பெரும்புலவர் நூலுக்குப் பல படிகள் இருக்கும். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆண்டு மலர்க்கு இரண்டோ மூன்றோ படிகள்தாம் எஞ்சியிருக்கும். அழியக்கூடியதை முதலில் காப்பது என்பதே அவர்கள் கொண்ட கொள்கை.

செருமனியின் ஆம்பர்க்குப் பல்கலைக்கழகம் இப்பொழுது மற்றொரு நெடும்பணியை மேற்கொண்டுள்ளது. சுவடி மரபுகளை ஆராயும் நடுவம் ஒன்று அங்கே உண்டு. பேராசிரியர் எவா வில்டன் அவர்களின் தலைமையில் பழந்தமிழ் இலக்கியத் தரவகமும் அதன்வழி வரலாற்று முறை அகராதியும் உருவாக்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெறும் வகையில் அது திட்டமிடப்பட்டுள்ளது.

1887: ஓர் ஆண்டும் இரு விதிகளும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1887ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் உ.வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே 1887இல்தான் சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' என்னும் கிழமை இதழ் தொடங்கியது. சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி'யும் வெளிவந்தது. அப்பத்தாண்டில் நம் பினாங்கிலும் தமிழ் இதழ்கள் அச்சாயின. நாகூர் குலாம் காதிறு நாவலர் இங்கே 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். அவர் பின்னாளில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் புலவராகவும் திகழ்ந்தவர்.

சிந்தாமணியையும் கலித்தொகையையும் இன்று எம்மாணவரும் நான்கைந்து தளங்களில் படிக்கலாம். சிங்கைநேசனைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னிலக்க வடிவில் காத்துத் தந்துள்ளது. 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அவ்வாரியம் தேடிப் படிக்க வழிசெய்துள்ளது. 2015இல் அந்நாட்டுத் தன்னார்வலர்கள் வாரியத்தோடு இணைந்து, 1965 முதல் ஐம்பதாண்டுக் காலத்தில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்னாக்கம் செய்தனர்.

அதே தரத்தில் பினாங்குத் தமிழ் இதழ்களுக்கு ஒரு தொகுப்பு நம் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாமா? 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபொழுது பள்ளிகளும் மூடப்பட்டன. பள்ளி மூடும்பொழுது வருகைப் பதிவேடு, ஆசிரியர் குறிப்பேடு, விளையாட்டுப் போட்டி மலர், கூட்டுறவுக் கடைக் கணக்கு எல்லாம் எங்கே போயின? பெரும்பாலும் கரையானுக்கும் பழைய தாள் வணிகர்க்குமே போயின. நம் பாட்டன்மார் இந்நாட்டில் வாழ்ந்தமைக்கும் உழைத்தமைக்கும் அவர்தம் மொழியிலேயே சான்று கூறிய தாள்கள் அவை. மற்றவர் எழுதிய அறிக்கைகளில் அவர்கள் கூலிகளின் எண்ணிக்கையாக மட்டுமே வருவர். தமிழ்த்தாள்களிலோ பெயரோடும் குரலோடும் வருவர்.

நாம் செய்யக்கூடியவை

பினாங்கில் பல்கலைக்கழகம் உண்டு. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டனில் இருக்கின்றது. தமிழுக்கென மின்னிலக்க நடுவம் ஒன்று நம் தீவில் அமைய வேண்டும் என்பது என் பெருவிருப்பம். அது அமையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்கண்ட வரலாறு காட்டுவது போல, நடுவங்கள் தோன்றுவதற்கு முன்னரே யாரோ ஒருவர் சேர்த்து வைத்திருந்தார். ஓவியர் ஒருவர் சேர்க்காவிடில் சிகாகோ வாங்குவதற்கு ஒன்றும் இருந்திராது.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் உடனே தொடங்கக்கூடிய பணிகள் சிலவற்றை முன்வைக்கின்றேன்.

முதலாவது, எதனையும் எறியாதிருத்தல். பள்ளி நூல்நிலையத்தைத் துப்புரவு செய்யும்பொழுது பழைய மலர்கள், கோயில் திருவிழா நூல்கள், திருமண வாழ்த்து மடல்கள், நாடக அறிவிப்புகள் ஆகியவற்றைத் தனிப்பெட்டியில் இடுங்கள். உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒட்டுநாடாவும் இரும்பு ஊசியும் வேண்டா. இரண்டும் தாளைக் கெடுக்கும்.

இரண்டாவது, பட்டியல் எழுதுதல். தலைப்பு, ஆண்டு, அச்சகம், ஊர், பக்கம், யாரிடம் உள்ளது என்னும் ஆறு விவரம் போதும். புகைப்படமாயின் அதிலுள்ளோர் பெயரை, அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்பொழுதே கேட்டெழுதுங்கள். இப்பணிக்கு மாணவர்களே ஏற்றவர்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்வது சிறந்த கட்டுரைப் பயிற்சியும் ஆகும்.

மூன்றாவது, படமாக்கல். அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் ஒளிவருடுதல் பொதுவாகப் போதுமானது. கருவி இல்லையேல் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியை நேராகப் பிடித்து எடுக்கலாம். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் தலைப்பும் இருக்கட்டும். ஒரு படியை மட்டும் வைக்காமல், வேறிடத்தில் மற்றொரு படியும் வையுங்கள். படமெடுத்தபின் மூலத்தைக் களையாதீர்கள்.

நான்காவது, உரிமையை மதித்தல். நம் நாட்டுச் சட்டப்படி நூலாசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவர்தம் உரிமை தொடரும். அதற்குட்பட்ட நூலாயின் குடும்பத்தாரின் எழுத்துவழி இசைவைப் பெற்றபின்னரே வெளியிட வேண்டும். பெரும்பாலோர் மகிழ்வோடு இசைவர்.

ஐந்தாவது, பிழைதிருத்தப் பயிற்சி. மாணவர்க்கு ஒரு பழைய பக்கத்தின் படத்தையும், கணினி எழுத்தாக்கிய படியையும் அருகருகே தந்து வேறுபாடு காணச் செய்யுங்கள். லகர ளகர ழகரமும் றகர ரகரமும் மனத்தில் ஊன்ற இதனினும் நல்ல பயிற்சி அரிது. அவர்கள் திருத்திய பக்கம் உலகுக்குப் பயன்படும் என்று அறியும்பொழுது அவர்தம் ஈடுபாடும் பெருகும்.

பூசா அடிகளார்க்கு முப்பது ஆண்டுகள் ஆயின. சென்னைப் பேரகராதிக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. ஆம்பர்க்குத் திட்டம் இன்று பிறக்கும் குழந்தை பட்டம் பெறும் காலத்தில் நிறைவுறும். இத்தகைய பணிகளில் தொடங்கியவரும் முடித்தவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆள்களே. நம் வகுப்பறையில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் பினாங்குத் தமிழரின் வரலாற்றை எழுத முற்படலாம். அப்பொழுது அவர்க்குத் தேவைப்படும் தாள் இன்று நம் அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றது. பள்ளி விடுமுறைக்கு முன் அவ்வலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள் என்பதே ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க்கல்வி!